கையெழுத்துக்குக் காத்திருந்த வாக்கு

அகரம் தேடியவர்கள் – 9

1963 ஏப்ரல் 2. பிரேசிலின் வடகிழக்கில், மழை பொய்க்கும் முட்காட்டுப் பிரதேசத்தில் அஞ்சிகோஸ் என்ற சிற்றூர். அன்று அங்கே ஒரு வகுப்பின் நாற்பதாவது மணி நேரம், அதாவது கடைசிப் பாடம். மாணவர்கள் சுமார் முந்நூறு பேர். பருத்திக் காட்டுக் கூலிகள், கொத்து வேலைக்காரர்கள், வீட்டு வேலை செய்பவர்கள், துணி வெளுப்பவர்கள். ஜனவரியில் வகுப்பு தொடங்கியபோது தம் பெயரைக்கூட எழுதத் தெரியாதவர்கள். அந்தக் கடைசிப் பாடத்துக்கு நாட்டின் குடியரசுத் தலைவர் ஜுவாவ் கூலார்ட் நேரில் வந்திருந்தார். மாநில ஆளுநரும் அதிகாரிகளும் கூட இருந்தார்கள். படித்து முடித்தவர்களில் ஒருவர் எழுந்து பேசினார். இதுவரை நாங்கள் வெறும் கும்பலாக இருந்தோம், இனி நாங்கள் மக்கள் என்ற பொருளில் அவர் சொன்ன வார்த்தைகளை பிரேசிலில் இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

கூட்டத்தில் ராணுவ உடையில் ஒருவர் அமர்ந்திருந்தார். ரெசீஃபே நகரைத் தலைமையிடமாகக் கொண்ட நான்காவது படையின் தளபதி, ஜெனரல் காஸ்தெலோ பிராங்கோ. அவரிடம் பிறகு வருவோம்.

சென்ற இதழில் கியூபாவின் 1961ஐப் பார்த்தோம். பள்ளிகளை மூடி, ஒரு லட்சம் இளைஞர்களை லாந்தர் விளக்கோடு கிராமங்களுக்கு அனுப்பி, ஒரே ஆண்டில் ஏழு லட்சம் பேருக்கு எழுத்தறிவித்த கதை அது. அங்கே அரசின் உறுப்புகள் எல்லாம் ஒரே திசையில் இழுத்தன. பிரேசிலில் அப்படி இல்லை. அங்கே முதியோர் வகுப்புக்குள் காலெடுத்து வைத்த ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, எண்பது வருடப் பழைய சட்டம் ஒன்றோடு மோத வேண்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாக்குரிமை இல்லை என்பதே அந்தச் சட்டம்.

அது வந்த விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பிரேசிலில் மன்னராட்சி நடந்த காலத்தில் தேர்தல் இரண்டு அடுக்காக இருந்தது. கீழடுக்கில் வாக்களிக்கப் படிப்பறிவு தேவைப்படவில்லை. 1870களின் தொடக்கத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தக் கீழடுக்கில் வாக்காளர்களாக இருந்தார்கள். 1881 ஜனவரியில் சராய்வா சட்டம் என்ற தேர்தல் சீர்திருத்தம் வந்தது. தேர்தல் நேரடியானது. வருமானத்தை நிரூபிப்பது கடுமையானது. புதிதாகப் பதிபவருக்கு எழுத்தறிவு கட்டாயமானது. ஊழலை ஒழிக்கவும் தேர்தலைத் தூய்மையாக்கவும் என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். 1886 தேர்தலில் வாக்களித்தவர்கள் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் கூடுதல். மொத்த மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

இரண்டே ஆண்டில், 1888இல், அடிமை முறை ஒழிந்தது. விடுதலையான லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் குடிமக்களானார்கள். அவர்களுக்கு எழுதப் படிக்க யார் எங்கே கற்றுக்கொடுத்திருந்தார்கள்? வாக்குச்சாவடியின் கதவு அவர்கள் வருவதற்கு முன்பே பூட்டப்பட்டிருந்தது. முடியாட்சி போய்க் குடியரசு வந்தபோதும் 1891 அரசியல் சட்டம் அந்தப் பூட்டைத் திறக்கவில்லை. பிறகு வந்த சட்டங்கள் வாக்காளர் பதிவு மனுவை விண்ணப்பிப்பவர் தம் கையாலேயே எழுத வேண்டும் என்றன. 1960 கணக்கின்படி நாட்டின் மக்கள்தொகை சுமார் ஏழு கோடி. அந்த ஆண்டு நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் பட்டியலில் இருந்தவர்கள் ஒன்றரைக் கோடிப் பேர். பதினைந்து வயதைத் தாண்டியவர்களில் பத்துக்கு நால்வர் எழுத்தறியாதவர்கள். வடகிழக்கு மாநிலங்களில் நிலைமை இன்னும் மோசம்.

நமக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். இந்தியாவில் 1951–52இல் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது ஐந்து பேரில் நால்வர் எழுத்தறியாதவர்கள். ஆனாலும் எல்லோருக்கும் வாக்கு உண்டு என்று முடிவு செய்து, சின்னம் ஒட்டிய பெட்டிகளை வைத்து வாக்கு வாங்கினார்கள். இலங்கை அதற்கும் இருபது ஆண்டு முன்பே, 1931இல், டொனமூர் அரசியல் சட்டத்தின் கீழ் அனைவருக்கும் வாக்குரிமை அளித்தது. அதற்கு முன்பு அங்கேயும் சொத்தும் எழுத்தறிவும் தகுதியாகக் கேட்கப்பட்டன. சென்னை மாகாணத்தில் 1935 சட்டத்தின் கீழ் நடந்த தேர்தல்களிலும் வாக்களிக்க வரியோ சொத்தோ படிப்போ காட்ட வேண்டியிருந்தது. நம் பாட்டன்மார் நின்ற வாசலில்தான் பிரேசிலின் ஏழைகள் அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டு நின்றார்கள்.

சரி, அஞ்சிகோஸுக்குத் திரும்புவோம். அந்த வகுப்பின் பின்னால் இருந்தவர் பாவ்லோ பிரெய்ரே. 1921இல் ரெசீஃபேயில் பிறந்தவர். சிறுவயதில், உலகப் பொருளாதார மந்தத்தின்போது, குடும்பம் நொடித்துப்போய்ப் பசியையும் பார்த்தவர். 1960இல் ரெசீஃபே மேயர் மிகெல் அராயெஸ் ஆதரவில் உருவான மக்கள் பண்பாட்டு இயக்கத்தில் பெரியவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கியிருந்தார். அஞ்சிகோஸ், மாநில ஆளுநர் அலூயிசியோ ஆல்வெஸின் சொந்த ஊர். பணத்தின் ஒரு பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது. கியூபாவைப் போல இன்னொரு நாடு போய்விடக் கூடாதே என்ற கவலையில் கென்னடி அரசு தொடங்கிய ‘முன்னேற்றத்துக்கான கூட்டணி’த் திட்டத்தின் பணம் அது.

வகுப்புக்கு முன்பே பல்கலைக்கழக மாணவர்கள் ஊருக்குள் போய் மக்களோடு பேசி, அவர்கள் வாயில் புழங்கும் சொற்களை எழுதிவந்தார்கள். சுமார் நானூறு சொற்கள் சேர்ந்தன. அவற்றிலிருந்து, எல்லா ஒலிகளும் வந்துவிடும்படியாக, இருபதுக்கும் குறைவான சொற்களைப் பொறுக்கினார்கள். ஊருக்கு ஊர் சொற்கள் மாறும். தலைநகரில் அச்சடித்த பாடநூல் கிடையாது.

எழுத்துக்குப் போகும் முன் படங்கள். ஓவியர் பிரான்சிஸ்கோ பிரெனாண்ட் வரைந்தவை. வில்லேந்திய பழங்குடி வேட்டைக்காரன் ஒரு படத்தில், துப்பாக்கி ஏந்தியவன் அடுத்ததில், எலி பிடிக்கும் பூனை இன்னொன்றில். மூவரும் வேட்டையாடுகிறார்கள். என்ன வேறுபாடு? பேச்சு கிளம்பும். வில்லைச் செய்தவன் மனிதன். எழுத்தில்லாமலே அந்தக் கலையைத் தன் மகனுக்குச் சொல்லிக்கொடுத்தான். பூனைக்கு அது பிறவியிலேயே வந்தது. களிமண் பானை வனையும் படம் வரும்போது குயவர்கள் உற்றுப் பார்ப்பார்கள். தம் கையால் செய்ததும் பண்பாடு என்று அவர்கள் சொல்லக் கேட்ட பிறகுதான் எழுத்து திரைக்கு வரும். நாற்பது மணி நேரத்தில் வாசிக்கக் கற்பித்தது எப்படி என்று எல்லோரும் வியக்கிறார்கள். எழுத்தைத் தொடாமல் முதலில் செலவிட்ட இந்த மணிகள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன.

பிறகு சொல். ரெசீஃபே பகுதி வகுப்புகளில் எடுத்த ‘திஜோலோ’ என்ற சொல்லைப் பார்ப்போம். செங்கல் என்று பொருள். செங்கல் அடுக்கும் ஆட்களின் படத்தைக் காட்டிப் பேச்சு: யார் அடுக்குகிறார்கள், யார் வீட்டில் குடியிருக்கிறார்கள், கூலி என்ன. பேச்சு ஓய்ந்ததும் சொல்லைத் துண்டாக்குவார்கள்: தி–ஜோ–லோ. ஒவ்வொரு துண்டுக்கும் அதன் குடும்பம்: த தெ தி தொ து, ஜ ஜெ ஜி ஜொ ஜு, ல லெ லி லொ லு. நம் வீட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகிய உயிர்மெய் வரிசைதான். தமிழில் நெடுங்கணக்கே அப்படி அமைந்திருக்கிறது; ரோமன் எழுத்தில் கற்பவருக்கு அது ஒரு புதையல். மூன்று வரிசையையும் ஒரே பலகையில் வைத்தால் கற்பவரே துண்டுகளைச் சேர்த்துச் சொல் கட்டுவார். ‘லோஜா’ என்றால் கடை. ‘தாத்து’ என்றால் அவர்கள் காட்டில் பிடிக்கும் எறும்புதின்னி போன்ற ஓட்டு விலங்கு. ‘லுத்தா’ என்றால் போராட்டம். யாரும் சொல்லிக்கொடுக்காமல் முதல் மாலையிலேயே இச்சொற்கள் கரும்பலகையில் ஏறின.

இந்த மாலைகள் அரசியலில் என்ன செய்யும் என்பது இரு தரப்புக்கும் தெரிந்தே இருந்தது. கூலார்ட் அரசு 1964 ஜனவரி 21 அன்று தேசிய எழுத்தறிவுத் திட்டத்துக்கான ஆணையைப் பிறப்பித்தது. நாடெங்கும் ‘பண்பாட்டு வட்டங்கள்’ என்ற இத்தகைய வகுப்புகள் இருபதாயிரம், இருபது லட்சம் பேர் என்பது இலக்கு. பிரெய்ரேவின் நூலுக்கு முன்னுரை எழுதிய அரசியல் அறிஞர் பிரான்சிஸ்கோ வெஃபோர்ட் இதன் கணக்கைத் தேர்தல் மொழியில் போட்டுக் காட்டியிருக்கிறார். சின்னஞ்சிறு செர்ஜிப்பே மாநிலத்தில் அப்போது வாக்காளர்கள் 90 ஆயிரம். திட்டம் நிறைவேறினால் இன்னும் 80 ஆயிரம் பேர் சேர்வார்கள். பெர்னாம்புகோவில் 8 லட்சம் 13 லட்சமாகும். சர்க்கரைத் தோட்ட முதலாளிகள் தலைமுறை தலைமுறையாகச் சட்டமன்றத்துக்கு ஆள் அனுப்பிய மாநிலங்கள் இவை. விவசாயிகள் அங்கே சங்கம் வைத்து நிலம் கேட்கத் தொடங்கி ஏழெட்டு ஆண்டு ஆகியிருந்தது. இப்போது அவர்கள் கையில் வாக்குச்சீட்டும் வரப்போகிறது.

இதே ஆண்டுகளில் இதே சண்டை அமெரிக்காவின் தென்பகுதியிலும் நடந்துகொண்டிருந்தது. தெற்கு கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் நகருக்கு அருகே ஜான்ஸ் தீவு. கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிய வேண்டுமானால் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியை வாசித்துக் காட்ட வேண்டும். ஈசா ஜென்கின்ஸ் என்பவர் தீவுவாசிகளைத் தினமும் தம் பேருந்தில் நகர வேலைக்கு ஏற்றிச் செல்வார். வழியெல்லாம் சட்டத்தைச் சொல்லிக்கொடுப்பார். பயணி ஒருவர் முழுவதையும் மனப்பாடம் செய்தார். ஆனால் எனக்கு வாசிக்கவே கற்றுக்கொடுங்கள் என்று கேட்டார். 1957 ஜனவரியில், ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் வகுப்பு தொடங்கியது. முன்பக்கம் மளிகைக் கடை, வெள்ளையர் கண்ணில் படாமலிருக்க. ஆசிரியை பெர்னிஸ் ராபின்சன், அழகுநிலையம் நடத்தியவர். முதல் நாளே அவர் வந்தவர்களிடம், உங்களுக்கு என்ன படிக்க வேண்டும் என்று கேட்டார். மணியார்டர் படிவம் நிரப்ப, கடை விலைப்பட்டியல் பார்த்து ஆர்டர் எழுத, பைபிள் வாசிக்க, வாக்குக்குப் பதிய என்றார்கள். அவையே பாடமாயின. பிரெய்ரே என்ற பெயரை அந்த அறையில் யாரும் கேள்விப்பட்டிருக்க வழியில்லை.

இந்த வகுப்புக்கு வழியமைத்தவர் செப்டிமா கிளார்க். உரிமை இயக்கத்தில் உறுப்பினராக இருந்த குற்றத்துக்காக, நாற்பது ஆண்டு செய்த ஆசிரியர் வேலையை 1956இல் இழந்தவர். அவருக்கு இடம் கொடுத்தது டென்னசியிலிருந்த ஹைலாண்டர் மக்கள் பள்ளி. இத்தொடரின் டென்மார்க் அத்தியாயத்தைப் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் நினைவிருக்கும். அதன் நிறுவனர் மைல்ஸ் ஹோர்ட்டன் 1930களின் தொடக்கத்தில் டென்மார்க் போய் கிராம மக்கள் பள்ளிகளைப் பார்த்துவந்துதான் ஹைலாண்டரைத் தொடங்கினார். டென்மார்க் அரசு அத்தகைய பள்ளிகளுக்கு மானியம் கொடுத்தது. டென்னசி அரசோ 1961இல் ஹைலாண்டரின் அனுமதியை ரத்து செய்து அதன் சொத்தைப் பறித்தது. வகுப்புகள் அதற்குள் மார்ட்டின் லூதர் கிங்கின் இயக்கத்தின் கைக்குப் போய்த் தென்மாநிலங்கள் எங்கும் பரவிவிட்டன. 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்து அந்த மாநிலங்களில் எழுத்தறிவுத் தேர்வை நிறுத்தியது.

பிரேசிலில் கதை எதிர்த்திசையில் போயிற்று. 1964 பிப்ரவரியிலேயே ரியோவில் போலீஸார், கத்தோலிக்க ஆயர்களின் வானொலிப் பள்ளி இயக்கம் தயாரித்திருந்த ‘வாழ்வதே போராட்டம்’ என்ற முதியோர் பாடநூலைப் பறிமுதல் செய்தார்கள். மார்ச் 31 அன்று படைகள் நகர்ந்தன. கூலார்ட் வீழ்ந்தார். ஏப்ரல் 14 அன்று தேசிய எழுத்தறிவுத் திட்டத்தின் ஆணை ரத்து செய்யப்பட்டது. பிறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. மறுநாள் ஏப்ரல் 15 அன்று ராணுவ ஆட்சியின் முதல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றவர் ஜெனரல் காஸ்தெலோ பிராங்கோ. அஞ்சிகோஸில் கடைசிப் பாடத்தைப் பார்த்த அதே மனிதர்.

பிரெனாண்டின் ஓவியங்கள் பறிபோயின. நேட்டால் நகரத்தில் ஓலைக்கூரை போட்டு, வெறுங்காலோடு வருபவர்க்கும் பள்ளி என்று நடத்திய மேயர் ஜால்மா மரஞ்ஞாவ் சிறைப்பட்டு, உருகுவேக்குத் தப்பி, ஊர் திரும்பாமலே 1971இல் இறந்தார். பிரெய்ரே எழுபது நாள் சிறையில் இருந்தார். அப்போது நடந்த ஒன்றை அவர் பிற்காலத்தில் சொன்னார். ஓர் அதிகாரி அவரிடம் வந்து, படையில் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், இங்கே இருக்கும் நாட்களில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாமே என்று கேட்டாராம். அதற்காகத்தானே ஐயா என்னைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று இவர் பதில் சொன்னாராம். பிறகு பொலிவியா, அங்கிருந்து சிலி. சிலியில் எடுவார்டோ ஃப்ரெய் அரசு நிலச்சீர்திருத்தத்தோடு முதியோர் கல்வியையும் இணைத்து நடத்தியது. பிரெய்ரேவுக்கு அங்கே வேலை கிடைத்தது. அவருடைய ‘ஒடுக்கப்பட்டோருக்கான கல்விமுறை’ நூல் அங்கேதான் எழுதப்பட்டது. புதுக்கோட்டை அறிவொளி இயக்கத் தொண்டர்கள் வரை வந்துசேர்ந்த அந்த நூலின் பயணத்தைத் தனி அத்தியாயத்தில் சொல்ல வேண்டும்.

ராணுவ ஆட்சி எழுத்தறிவித்தலை அப்படியே கைவிட்டுவிடவில்லை. ஆலைகளுக்கு எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. 1967இல் ‘மோப்ரால்’ என்ற அமைப்பைச் சட்டம் போட்டு உருவாக்கியது. 1970இல் வகுப்புகள் தொடங்கின. கால்பந்து ஆட்ட முடிவுகளை ஊகிக்கும் லாட்டரியின் வருவாயில் ஒரு பங்கும், நிறுவனங்களின் வருமான வரியில் ஒரு சிறு பங்கும் இதற்குத் திருப்பிவிடப்பட்டன. முதியோர் கல்விக்கு இவ்வளவு உறுதியான நிதி பிரேசிலில் அதற்கு முன் கிடைத்ததே இல்லை. முறையும் வெளிப்பார்வைக்கு பிரெய்ரேவின் முறைதான்: ஒரு சொல், ஒரு படம், ஒலித்துண்டுகள். ஆனால் சொல்லைத் தேர்ந்தெடுத்தது தலைமையகம். நாடு முழுவதற்கும் ஒரே நூல். செங்கல்லை அடுக்குவது யார், குடியிருப்பது யார் என்ற பேச்சு மட்டும் அகற்றப்பட்டிருந்தது. 1970இல் பெரியவர்களில் மூன்றில் ஒருவர் எழுத்தறியாதவர். பத்தாண்டு கழித்து நான்கில் ஒருவர். குறைவு உண்மைதான். பள்ளியில் படித்துப் பெரியவர்களான புதிய தலைமுறைக்கும் அதில் பங்குண்டு என்பதை மறக்கக் கூடாது. ‘மோப்ரால்’ என்ற சொல் போர்த்துகீசிய மொழியில் என்ன ஆயிற்று தெரியுமா? ஒன்றும் தெரியாதவனைத் திட்டும் வசைச்சொல் ஆயிற்று. கற்க வந்தவரையே தாழ்த்தும் சொல்லாக ஒரு கல்வித் திட்டத்தின் பெயர் மாறியதைப் படித்தபோது மனம் வலித்தது.

1985இல் ராணுவம் ஆட்சியை விட்டு இறங்கியது. அந்த ஆண்டு மே மாதம் அரசியல் சட்டத் திருத்தம் ஒன்று, எழுத்தறியாதவரும் வாக்களிக்கலாம் என்றது. சராய்வா சட்டத்திலிருந்து எண்ணினால் 104 ஆண்டுகள். நவம்பர் 15 அன்று மாநிலத் தலைநகரங்களில் மேயர் தேர்தல் நடந்தது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் வரிசையில் நின்றார்கள். பத்து நாள் கழித்து, நவம்பர் 25 அன்று, மோப்ரால் கலைக்கப்பட்டது. அதன் இடத்தில் வந்த அமைப்பும் 1990இல் மூடப்பட்டது.

வாக்கு கிடைத்தாலும் சீட்டில் பெயர் எழுதவும் கட்டம் தேடவும் படிப்பு வேண்டியிருந்தது. செல்லாத வாக்குகள் குவிந்தன. 1996இல் மின்னணு இயந்திரம் வந்தது. தொலைபேசியில் இருப்பதுபோல் எண் பொத்தான்கள். வேட்பாளரின் எண்ணை அழுத்தினால் திரையில் அவர் முகம் வரும். சரியென்றால் பச்சைப் பொத்தான். 1998 தேர்தலில் 40,500க்கு மேல் வாக்காளர்கள் உள்ள நகராட்சிகளுக்கு இயந்திரம், மற்றவற்றுக்குக் காகிதம் என்று பிரித்திருந்தார்கள். தாமஸ் ஃபுஜிவாரா என்ற பொருளாதார அறிஞர் இந்தப் பிரிவைக் கொண்டு ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார். இயந்திரம் வந்த இடங்களில், எண்ணிக்கையில் சேராமல் போய்க்கொண்டிருந்த ஏழைகளின் வாக்குகள் சேர்ந்தன. மாநில அரசுகள் பொது மருத்துவத்துக்குக் கூடுதலாகச் செலவிட்டன. கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வருவது கூடியது. படிப்பு குறைந்த தாய்மாருக்கு எடை குறைந்த குழந்தைகள் பிறப்பது குறைந்தது. செர்ஜிப்பேயிலும் பெர்னாம்புகோவிலும் 1964இல் முதலாளிகள் அஞ்சியது வீண் அச்சமல்ல என்று இதிலிருந்து புரிகிறது.

அதே 1996 டிசம்பரில் இன்னொன்றும் நடந்தது. மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பள்ளிக் கல்விக்கு நிதி பங்கிடும் ஃபுண்டெஃப் சட்டம் நிறைவேறியது. அதில் முதியோர் வகுப்பு மாணவர்களையும் கணக்கில் சேர்க்கும் பிரிவு ஒன்று இருந்தது. குடியரசுத் தலைவர் ஃபெர்னாண்டோ என்ரிக்கே கார்டோசோ அந்தப் பிரிவை மட்டும் தம் அதிகாரத்தால் நீக்கினார். ஒரு நகராட்சி முதியோர் வகுப்பு நடத்தினால் அதற்கென்று ஒரு காசும் கிடைக்காது; சிறுவரைச் சேர்த்தால் தலைக்கு இவ்வளவு என்று கிடைக்கும். நகராட்சிகள் என்ன செய்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வாக்குக்கு எழுத்து வேண்டும் என்ற சுங்கத்தை எடுத்தது நியாயம், இன்னும் நூறு ஆண்டு முன்பே எடுத்திருக்க வேண்டும். ஆனால் எழுத்தறியாதவரால் இனி எந்த அரசுக்கும் வாக்காளர் கணக்கு மாறப்போவதில்லை என்றானதும், அவருக்குக் கற்பிப்பதற்காகச் சண்டையிட ஆட்கள் குறைந்துபோனார்கள். எண்பதுகளில் திரும்பிவந்து, சாவ் பாவ்லோ நகரத்தின் கல்விச் செயலாளராகவும் இருந்த பிரெய்ரே அந்த டிசம்பரில் உயிரோடிருந்தார். அடுத்த மே மாதம் காலமானார். முதியோர் வகுப்பு மீண்டும் நிதிக் கணக்கில் சேர 2007 வரை ஆயிற்று.

2022 மக்கள்தொகைக் கணக்கில், பதினைந்து வயதைத் தாண்டிய பிரேசிலியரில் 7 சதவீதம் பேர், அதாவது 1.14 கோடிப் பேர், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். வடகிழக்கில் அது இரு மடங்கு. 65 வயதைத் தாண்டியவர்களில் ஐந்தில் ஒருவர். கூலார்ட்டின் திட்டம் ரத்தான அந்த ஏப்ரலில் அவர்களில் மிக இளையவருக்கே ஆறேழு வயது இருந்திருக்கும். மற்றவர்களில் பலர் அப்போதே கரும்புக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்திருப்பார்கள்.

(அடுத்த இதழில்: தான்சானியா, 1970)